பரமு அக்காவின் ஆயாக் கொட்டகை

பரமு அக்கா இறந்த செய்தி எங்கள் வீட்டுக்கு அப்பாவின் கைப்பேசியில் குரல் பதிவாக வந்தது. அன்று வெள்ளிக்கிழமை, கெடாவில் வார விடுமுறை, பள்ளி இல்லை. நான் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தேன். அப்பா இரவுக் காவல் முடிந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டே பதிவைத் தட்டிவிட்டார். பரமு அக்காவோடு வேலைக்குப் போய் வரும் லெட்சுமி அக்காவின் குரல் பின்பக்கம் வரை கேட்டது.

"அண்ணே, பரமு போயிட்டாண்ணே. பஸ்லயே போயிட்டா. தூங்குறான்னு நெனச்சேன். குளுருதேன்னு சால்வைய இழுத்துப் போர்த்தி வேற விட்டேண்ணே."

அப்பா அதை ஒரு தடவைதான் கேட்டார். பிறகு கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு காலில் காலணியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அம்மா "எந்தப் பரமு?" என்று கேட்டார். எந்தப் பரமு என்று அம்மாவுக்குத் தெரியும். வேறு யாராவதாக இருக்கட்டும் என்றுதான் கேட்டிருப்பார்.

அக்கா கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அவரோடு அதே கம்பெனிப் பேருந்தில் போய் வந்தவர்கள். அன்று காலை பேருந்து திகாம் பத்து ஊரில் நின்றபோது எல்லாரும் இறங்கினீர்கள். அக்கா மட்டும் இறங்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்களாம்.

பதினாறாம் நாள் காரியத்தன்று கொடுப்பதற்கு ஒரு சிறிய நினைவு மலர் போடுகிறோம், நீயும் எழுது என்று லெட்சுமி அக்கா என்னிடம் சொன்னார். துக்க வீட்டில், அம்மா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், என் காதருகே குனிந்து சொன்னார். "கொட்டகையில அவ கூடவே இருந்தவ நீதானே. நீ எழுதாம யாரு எழுதுவா?" நான் சரி என்று தலையாட்டினேன். எப்படி எழுதப் போகிறேன் என்று யோசிக்கவில்லை. அப்பாவுக்கு இப்போது பகல் காவல்; வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். அப்பாவின் இருமல் கேட்டால் தாளைப் புத்தகத்துக்குள் செருகிவிடுகிறேன்.

நான் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொட்டகையின் சாவி என்னிடம் இருக்கிறது. என் காம்பஸ் பெட்டிக்குள் இருக்கிறது. அதைத்தான் அப்பா வீடு வீடாகப் போய் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் தோட்டத்தில் இப்போது தோட்டம் இல்லை. ரப்பர் போய், செம்பனை வந்து, அதுவும் போய், நிலத்தை ஒரு வீடமைப்புக் கம்பெனி வாங்கிவிட்டது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயம் ஒன்றுதான் மிச்சம். எல்லாக் கட்டடங்களையும் காலி செய்து ஒப்படைத்தால் லயத்துக் குடும்பங்களுக்கு முன்வரிசையில் மலிவு விலை வீடு தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டிருக்கிறது. என் அப்பா அந்தக் கம்பெனி கேட்டில் ஜாகாவாக, காவலாளியாக, இருக்கிறார். லயத்துக்குப் பின்னால் இருக்கும் ஆயாக் கொட்டகையும் ஒப்படைக்க வேண்டிய கட்டடங்களில் ஒன்று. அக்கா இறந்த மறுநாளே சூப்பர்வைசர் அப்பாவிடம் வந்து சாவி எங்கே என்று கேட்டிருக்கிறார். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லையாம். காரியம் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் வருகிறது, உள்ளே இருப்பதோடு சேர்த்துத் தள்ளிவிடுவோம் என்று சொன்னாராம்.

அந்தக் கொட்டகையைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் போன பெண்கள் கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுப்போன இடம் அது. அக்காவும் என் அப்பாவும் அங்கே தொட்டிலில் கிடந்தவர்கள்தான். ஆயா வேலை நின்றபின் பல வருடங்கள் ஆட்டுப்பட்டியாகக் கிடந்ததாம். அக்கா தன் ஓய்வு நாட்களில் அதைக் கூட்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, தோட்டத்து மக்கள் உரிமைக்காக நின்ற கதையைச் சொல்லும் ஒரு சிறிய அருங்காட்சியகமாக மாற்றினார். வெள்ளி மதியமும் சனிக்கிழமையும் திறந்திருக்கும். கட்டணம் இல்லை. தேநீர் உண்டு.

நான் அதற்குள் போனது தற்செயலாகத்தான். நான் அப்போது இரண்டாம் படிவத்தில் இருந்தேன், பதினான்கு வயது. அந்தப் பக்கமாக நடந்து போனபோது அக்கா ஏணிமேல் நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"பாப்பா, உனக்கு மலாய் நல்லா வருமா?"

"பரீட்சையில ஏ எடுத்தேன்க்கா."

"பரீட்சை கெடக்கட்டும். அவமானம்னா மலாய்ல என்ன?"

"மாலு."

"மாலுன்னா வெக்கம்லா. நாம எதுக்கு வெக்கப்படணும்? வெக்கப்பட வேண்டியவன் வேற ஆளு. வேற சொல்லு பாரு."

அன்று வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். மறுநாள் வேறு சொல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அதை மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, "கொஞ்சம் வாய்ல சிக்குது, இருந்தாலும் சரி" என்றார். அன்றுமுதல் அட்டைகளில் மலாயில் எழுதுவது என் வேலை ஆனது. அக்காவுக்கு வரலாறு வகையாக வராது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்று அடிக்கடி குழம்புவார். பினாங்கிலிருந்து வந்த மாணவர்கள் திருத்தினால் கோபித்துக்கொள்ள மாட்டார். "எழுதிக் குடுங்க தம்பி, ஒட்டிருவோம்" என்பார். ஆனால் ஓர் அட்டையில்கூட 'தொழிலாளி ஒருவர்' என்று எழுத விடமாட்டார். பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடச் சொல்வார். யாராவது வந்து சொல்வார்கள் என்று காத்திருப்பார்.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. எந்தப் பொருளையும் அவர் தானமாக வாங்கியதில்லை. "குடுக்காதீங்க. இங்க வெச்சிருன்னு சொல்லுங்க, போதும். என்னைக்கு வேணுமோ வந்து எடுத்துக்குங்க" என்பார். ஒவ்வொரு பொருளும் அதைக் கொண்டுவந்த வீட்டுக்குத்தான் சொந்தம். பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை எல்லா வீட்டாரும் வந்து அவரவர் பொருளை அவரவரே துடைக்க வேண்டும். ஏன் இப்படி என்று ஒரு தடவை கேட்டேன். "தோட்டத்துல நமக்குன்னு என்ன இருந்துச்சு சொல்லு. வீடு அவன் வீடு. மரம் அவன் மரம். தண்ணிக் குழா அவன் குழா. இதையும் நான் புடுங்கிக்கணுமா?" என்றார்.

கொட்டகையின் நடுவில் ஒரு சைக்கிள் இருந்தது. அதுதான் எல்லாரும் முதலில் பார்ப்பது. அது என் தாத்தாவின் சைக்கிள். கொண்டுவந்து வைத்தவர் என் அப்பா. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அப்பாவைக் கேட்டில் மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரியாது. கொட்டகை திறந்தபோது அவர்தான் முதல் ஆளாக அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாராம். ஒவ்வொரு பொங்கலுக்கும் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தவரும் அவர்தான்.

அந்தக் காலத்தில் தோட்டத்துச் சாலையில் சைக்கிளில் போகும் தொழிலாளி, எதிரே துரை வந்தாலோ கணக்கெழுதும் கிராணி வந்தாலோ இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். அவர்கள் கடந்து போன பிறகுதான் மறுபடி ஏறலாம். இறங்காதவனுக்கு அடியும் உண்டு, வேலையிலிருந்து நிறுத்துவதும் உண்டு. அப்படி இறங்கமாட்டோம் என்று ஆட்கள் கூடி நின்றதும் ஒரு போராட்டம்தான் என்று அக்கா சொல்வார். வருகிறவர்களிடம் அதைச் சொல்வதோடு நிறுத்தமாட்டார். தாங்குகட்டையில் நிற்கும் சைக்கிளில் அவர்களை ஏறி உட்காரச் சொல்வார். பிறகு ஒரு பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, துரை மாதிரி எதிரே நடந்து வருவார். உட்கார்ந்திருப்பவர் இறங்கக்கூடாது. அதுதான் விளையாட்டு. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "துரைக்கு என்னக்கா இடுப்பு இவ்ளோ ஆடுது?" என்று ஒருத்தி கேட்டாள். "சம்பளம் குடுக்காம மிச்சம் புடிச்சுத் தின்ன இடுப்புடி" என்றார் அக்கா.

ஒரு வெள்ளிக்கிழமை கூலிமிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கூடவே ஒரு பெரியவர். பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், கண் நன்றாகத் தெரியும், காது கொஞ்சம் மந்தம். பேரப்பிள்ளைகள் ஏறி இறங்கியபின் தாமாகவே சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். மணியை அடித்துப் பார்த்தார். "ஓடும் போல இருக்கே" என்று மகனிடம் சொன்னார். அக்கா தொப்பியை மாட்டிக்கொண்டு எதிரே வந்தார்.

பெரியவர் இறங்கிவிட்டார்.

யாரும் எதிர்பார்க்கவில்லை. அவரே எதிர்பார்க்கவில்லை. ஒரு கால் தரையில் பட்டபோதே அவர் கை தலைத் துண்டை அவிழ்த்து இடுப்புக்குக் கொண்டு போயிருந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாகத் தலையைக் குனிந்து நின்றார். பிறகு சுற்றிப் பார்த்தார். பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் மகன் சிரிக்கவில்லை.

"நான் எறங்கலை" என்றார் பெரியவர். "காலு தானா எறங்கிருச்சு."

அக்கா தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பெரியவரின் காதருகே போய், "ஐயா, தப்பு என் மேல. நீங்க மறுபடி ஏறுங்க. நான் ஓரமா நிக்கறேன்" என்று உரக்கச் சொன்னார். பெரியவர் ஏறினார். அக்கா சுவரோரமாகப் போய் நின்றார். பிள்ளைகளையும் நிற்கச் சொன்னார். பெரியவர் வெகுநேரம் அந்தச் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார். தேநீரையும் அதன்மேல் உட்கார்ந்தபடியேதான் குடித்தார். அவர் போனபின் அக்கா அந்தத் தொப்பியை அடுப்பில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு துரை விளையாட்டு இல்லை. வருகிறவர்கள் விரும்பினால் ஏறி உட்காரலாம், அவ்வளவுதான்.

அக்கா செய்த தவறுகளில் நாங்கள் சேர்ந்து சிரித்த ஒன்றும் உண்டு. சுவரில் ஒரு பெரிய படம் இருக்கிறது. தோட்டத்துக் கள்ளுக்கடை முன்னால் விளக்குமாறோடு மறியல் செய்யும் பெண்கள். அதில் இருக்கிறவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, அக்கா கண்ணாடிமேல் பொட்டு வைத்து, சட்டத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் மாலையும் போட்டுவிட்டார். வருகிறவர்களில் சிலர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போவார்கள். ஒரு தடவை யாரோ ஊதுவத்தியும் கொளுத்தினார்கள். ஒரு சனிக்கிழமை திகாம் பத்துவிலிருந்து ஓர் அம்மாளை அவர் மகள் கைப்பிடித்து அழைத்து வந்தார். அந்த அம்மாள் படத்துக்குக் கிட்டே போய் மூக்கு முட்ட நின்று பார்த்தார்.

"ஏன்டி, இந்த ஓரத்துல முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டு நிக்கறது நானு. எனக்கு எவடி பொட்டு வெச்சது?"

அக்கா கையில் இருந்த தேநீர்க் கோப்பையோடு நின்றுவிட்டார். "அம்மா, மன்னிச்சிருங்கம்மா. எல்லாரும் போயிட்டாங்கன்னு சொன்னாங்க."

"போனவளுக்கு வெச்சது சரி. இருக்கறவள எதுக்குக் கூட்டுக்கு இழுத்த? எப்படிச் செத்தேன்னாச்சும் சொன்னாங்களா?"

"அது சொல்லலைம்மா."

"விசாரிச்சு வை. எனக்கும் தெரிஞ்சா நல்லதுதானே."

அக்கா மாலையைக் கழற்றப் போனார். அந்த அம்மாள் தடுத்தார். "விடு லா. வாடாத பூவுதானே. கொஞ்ச நாள்ல எப்படியும் வேணும்." ஆனால் அக்கா கேட்கவில்லை. மாலையைக் கழற்றி, தன் தொழிற்சாலைச் சட்டையின் கையாலேயே கண்ணாடியைத் துடைத்தார். அன்று அந்த அம்மாள் படத்தில் இருந்த மற்றப் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். காலியாக விட்டிருந்த இடங்கள் நிறைந்தன. ஒரு பெயரைச் சொல்லும்போது மட்டும் அவர் நிறுத்தினார். கள்ளுக்கடைக்காரனின் ஆட்கள் அடித்ததில் அந்தப் பெண்ணின் கை பிறகு நேராகவே இல்லையாம். "வெட்டுக்கத்தி புடிக்க முடியல. பால் வாளி தூக்கியே மிச்சக் காலத்தை ஓட்டுனா" என்றார். அவர்கள் போனபின் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்: "இனிமே எவளையும் கேக்காம சாகடிக்கக் கூடாது பாப்பா." நான் சிரித்தேன். அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தன்னோடு வேலை செய்த வங்காளதேசத்துத் தம்பி ஒருவரையும் ஒரு நாள் கூட்டி வந்தார். அவர் லயத்து அறையின் மாதிரியைப் பார்த்தார். ஒரே அறையில் எத்தனை பேர் படுத்தார்கள் என்பதைக் காட்ட அக்கா பாய்களை விரித்து வைத்திருந்தார். அந்தத் தம்பி பாய்களைப் பார்த்துவிட்டு, "இது பழைய கதையா அக்கா?" என்று மலாயில் கேட்டார். "பழசு லா" என்றார் அக்கா. "எங்கள் ஹாஸ்டலிலும் இப்படித்தான்" என்றார் அவர். அக்கா அடுப்பைப் பற்றவைத்தார். அந்தத் தம்பிக்கு இரண்டு தடவை தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் பெயரையும் ஊரையும் கேட்டு என்னை ஓர் அட்டையில் எழுதச் சொல்லி அந்தப் பாய்களின் பக்கத்திலேயே ஒட்டினார்.

இனி நான் எழுதத் தயங்குவதை எழுதுகிறேன்.

சென்ற வருடம் வீட்டு விஷயமாக மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. கம்பெனி அதிகாரி வந்திருந்தார். லயத்துக் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. அக்கா எழுந்து பேசினார். வீடு கொடுப்பதை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. புதிய தாமான் குடியிருப்பில் ஒரு கடை அளவுக்கு இடம் கொடுங்கள், கொட்டகையில் இருப்பதை அங்கே வைத்துக்கொள்கிறோம், அதுவரை கட்டடத்தைத் தொடாதீர்கள் என்றுதான் கேட்டார். அதிகாரி பார்க்கலாம் என்றார். அப்போது என் அப்பா எழுந்தார்.

"பரமு, உனக்கு திகாம் பத்துல வீடு இருக்கு. நீ பேசிட்டுப் போயிருவ. மழை பெஞ்சா என் வீட்டுல நாலு இடத்துல சட்டி வெக்கணும். உன் சாமானுக்காக எங்க வீடு தள்ளிப் போகணுமா?"

"அண்ணே, அது என் சாமான் இல்லண்ணே. உங்க அப்பா சைக்கிளும் அதுலதான் இருக்கு."

"அவரு செத்துட்டாரு. நான் உசிரோட இருக்கேன்."

அக்கா உட்கார்ந்துவிட்டார். நான் அவருக்குப் பின்வரிசையில், கொஞ்சம் பக்கவாட்டில் இருந்தேன். மேசைக்குக் கீழே அவர் கைகள் தெரிந்தன. ஒரு கை இன்னொரு கையை இறுக்கிப் பிடித்திருந்தது. இரண்டும் நடுங்கின. ஆனால் அவர் மறுபடியும் எழுந்தார். அதே கோரிக்கையை அதே வார்த்தைகளில் இன்னொரு தடவை சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்து கோயில் குழாயடியில் அவர் முகம் கழுவியபோது கேட்டேன்.

"பயமா இருந்துச்சாக்கா?"

"எப்பவும் பயம்தான். பேக்டரில லைன் லீடர் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலே கையில இருக்கறதக் கீழ போட்டுருவேன்."

"அப்புறம் எப்படிப் பேசுனீங்க?"

"கைதானே நடுங்குச்சு. வாயா நடுங்குச்சு? கையை மேசைக்குக் கீழ வெச்சுக்கிட்டேன்."

அப்பாமேல் கோபமா என்றும் கேட்டேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி யோசித்தார். "உங்கப்பா சொன்னதுல பொய் எங்க இருக்கு? ஒழுகுற வீட்டுல படுக்கறவன்கிட்ட கோவப்படக் கூடாது பாப்பா. அவரு கேக்கறதும் உரிமைதான்."

அன்று இரவிலிருந்து கொட்டகைக்குப் போகக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். அவர் தூங்கும் நேரம் பார்த்துப் போவேன். அடுத்து வந்த பொங்கலுக்கு அவர் சைக்கிளைத் துடைக்க வரவில்லை. அக்கா அதைத் துடைக்கவில்லை, என்னையும் துடைக்க விடவில்லை. "சொந்தக்காரரு வருவாரு" என்றார். அதன்மேல் தூசி அப்படியே இருக்கிறது.

இறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை அவர் மிகவும் களைப்பாக இருந்தார். வாசற்படியில் உட்கார்ந்துதான் செருப்பை மாட்டினார். அந்த வாரம் முழுவதும் ஓவர்டைம் என்றார். "இந்தா, சாவி உன்கிட்ட இருக்கட்டும். வெள்ளிக்கிழம நான் தூங்கி எழுந்து வர்றதுக்குள்ள ஜன்னலத் தொறந்து விடு. உள்ள ஒரே பூஞ்ச வாட" என்றார். அவ்வளவுதான் பேசினோம். ஏதாவது பெரிதாகச் சொல்லியிருப்பார் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். பூஞ்சை வாடையைப் பற்றித்தான் சொன்னார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அக்காவின் பாடையைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு இரவு சாப்பிடாமல் படுத்தார். மறுநாள் காலை எழுந்து சாவியைத் தேடக் கிளம்பினார். இரண்டும் ஒரே மனிதர் செய்ததுதான். சாவி கிடைக்காவிட்டால் வேலைக்கும் வீட்டுக்கும் ஏதாவது வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். சாவி அவர் வீட்டிலேயே இருந்ததென்று தெரிந்தால் கம்பெனி என்ன நினைக்குமோ என்று எனக்குப் பயம். ஒழுகாத வீட்டில் அம்மா ஒரு நாளாவது தூங்க வேண்டும் என்று நானும் ஆசைப்படுகிறேன். லயத்தில் எல்லாரையும் அப்பா கேட்டுவிட்டார். என்னை மட்டும் அவர் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கட்டடத்தைக் காப்பாற்ற என்னால் முடியாது. நீங்களும் அதற்காகச் சண்டை போட வர வேண்டாம். ஆனால் உள்ளே இருப்பது கம்பெனியுடையது இல்லை. அக்காவுடையதும் இல்லை. உங்களுடையது. காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்றுதானே ஒப்பந்தம். ஆகவே காலி செய்வோம்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது சனிக்கிழமை. காரியம் முடிந்து சாப்பிட்டிருப்பீர்கள். கை கழுவியதும் நேராகத் தோட்டத்துக்கு வாருங்கள். நான் கொட்டகை வாசலில் இருப்பேன். உங்கள் வீட்டுப் பொருளை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள், அதன் அட்டையோடு. வர முடியாதவர்களின் பொருளை லெட்சுமி அக்காவின் வீட்டில் கொண்டுபோய் வைப்போம். மறியல் படத்தை அந்தத் திகாம் பத்து அம்மாளிடம் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். அவர் ஒருவர்தான் அதில் உயிரோடு இருப்பவர். அடுத்த பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை ஒவ்வொரு வீடாகப் போய் எல்லாவற்றையும் பார்த்து வர வேண்டும். யாராவது என்னோடு வந்தால் நல்லது.

கேட்டில் அப்பா இருப்பார். அன்று அவருக்குப் பகல் காவல். அவர் உங்களை நிறுத்தினால் திட்டாதீர்கள். சனிக்கிழமை காலை அவர் வேலைக்குக் கிளம்புமுன் நான் அவரிடம் சொல்லப்போகிறேன். சாவி என்னிடம் இருக்கிறது, மதியம் திறக்கப்போகிறேன், சைக்கிள் உங்களுடையது, நீங்கள்தான் வந்து எடுக்க வேண்டும் என்று சொல்லப்போகிறேன். அடிப்பாரோ, பேசாமல் போவாரோ, எனக்குத் தெரியாது. அவர் வராவிட்டால் அந்தச் சைக்கிளை நான் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு வாசலில் நிறுத்துவேன். துடைக்கமாட்டேன்.

அக்காவிடமிருந்து எனக்கென்று என்ன இருக்கிறது என்று இத்தனை இரவும் யோசித்தேன். அவர் படம்கூட என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் இருக்கிறது. கொட்டகைக் கதவு இறங்கிப்போய்விட்டது. சாவியை மட்டும் திருப்பினால் திறக்காது. இடது தோளைக் கொடுத்துக் கதவைக் கொஞ்சம் மேலே தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அப்போது திருப்ப வேண்டும். அக்கா அப்படித்தான் திறப்பார். அவருக்குப் பிறகு அந்தக் கதவைத் திறக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கை நடுங்கினாலும் அது திறக்கும். தூக்குவது தோள்.